ஒருபக்கச் சாய்வு

பிப்ரவரி 9, திங்கள்

துறைக் கட்டடத்தின் மேல்நிலைத் தொட்டியில் புறா செத்துக் கிடந்திருக்கிறது. எத்தனை நாளாகக் கிடந்ததோ. இன்று காலை குழாயில் இறகு வந்த பிறகுதான் ஆளை மேலே ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். இயற்பியல் துறை முழுக்க அந்தத் தண்ணீரில் போட்ட டீயைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். நான் ஓடிப்போய் வாய் கொப்பளித்தேன். துறைத் தலைவர் விருத்தகிரி, கொதிக்கவைத்த தண்ணீரில் கிருமி இருக்காது என்று விளக்கிக்கொண்டே மிச்ச டீயையும் குடித்து முடித்தார். அந்த மனிதர் எதையும் விழுங்குவார்.

பிறகு நடந்த துறைக் கூட்டத்தில் அறிவிப்பு. ஏப்ரலில் துறைக்குப் பொன்விழா. அதில் பொதுமக்களுக்காக ஒரு விவாத அரங்கு. தலைப்பு: 'பேரண்டம் பிறந்ததா?' பிறந்தது என்ற கட்சிக்கு விருத்தகிரி. பிறக்கவில்லை, என்றும் இருந்தது என்ற கட்சிக்கு ஓய்வுபெற்ற பேராசிரியர் அம்பலவாணன். எனக்கு முனைவர் பட்ட வழிகாட்டியாக இருந்தவர். அவருக்குத் துணையாக மேடையில் நான். நடுவர் துணைவேந்தர்.

அதாவது பட்டிமன்றம். நட்சத்திரங்களே இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதை, சாப்பாட்டுக்கு முன்னால், கைதட்டலை வைத்துத் தீர்மானிக்கப் போகிறார்கள்.

பிப்ரவரி 12, வியாழன்

அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சிட, இரண்டு கட்சியையும் சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன்:

பேரண்டம் விரிந்துகொண்டே போகிறது. இதில் யாருக்கும் சண்டை இல்லை. காலத்தில் பின்னோக்கிப் போனால் எல்லாம் நெருங்கிச் சூடேறி ஒரு பிடிக்குள் வந்துவிடும். அந்தப் பிடிக்குள் நடந்தது என்ன என்பதில்தான் சண்டை. ஒரு கட்சி, காலமே அங்கேதான் தொடங்கியது, தொடங்கிய மறுகணம் எல்லாம் ஒரு பெருவீக்கம் கண்டது என்கிறது. இன்னொரு கட்சி, அதற்கு முன்னும் ஒரு பேரண்டம் இருந்தது, அது சுருங்கிச் சுருங்கி, நசுங்கிப் போகாமல் திரும்பி விரிந்தது என்கிறது. அதற்குத் தொடக்கம் என்று ஒன்று கிடையாது.

யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரு வழி உண்டு. அந்தப் பழைய சூட்டின் மிச்சம் இன்றும் வானம் முழுக்க மங்கலாகப் பரவிக் கிடக்கிறது. தொல்லொளி என்று வைத்துக்கொள்வோம். அதில் சற்றே சூடான திட்டுகளும் சற்றே குளிர்ந்த திட்டுகளும் உண்டு. பெருவீக்கம் உண்மையென்றால் இரண்டும் ஈடாக இருக்கும். சுருங்கி விரிந்தது உண்மையென்றால் சூட்டின் பக்கம் மெல்லிய ஒரு சாய்வு தெரியவேண்டும்.

அவ்வளவுதான். அந்தச் சாய்வு எவ்வளவு இருக்கவேண்டும் என்று முதலில் கணக்கிட்டவள் நான். என் முனைவர் பட்டம் அதுதான். அழைப்பிதழுக்கு அது தேவையில்லை, எழுதவில்லை.

பிப்ரவரி 14, சனி

உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி: 'பிரபஞ்சம் தோன்றியது பணவீக்கத்தாலா? பல்கலையில் விவாதம்.'

பிப்ரவரி 20, வெள்ளி

ருகையா வந்தாள். என் ஆய்வு மாணவி, காயல்பட்டினத்துப் பெண். செயற்கைக்கோள் அனுப்பிய வானப்படத்தில் எங்கள் சாய்வை அளக்கும் வேலையை இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாள். நோன்பு தொடங்கிவிட்டது. உதடு வறண்டு, குரல் கம்மி இருந்தது. படத்தை மேசையில் விரித்துவைத்து, முடிந்துவிட்டது மேடம் என்றாள்.

கோட்டில் சாய்வு இல்லை. தராசுமுள் மாதிரி நடுவில் நிற்கிறது.

அவளுக்குப் புனேயில் ஓர் ஆய்வு நிலையத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மார்ச் முடிவதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்க வேண்டும். சமர்ப்பிக்க என் கையெழுத்து வேண்டும். எழுதி முடித்த ஏட்டை இன்றே கொடுத்துவிட்டாள்.

இவ்வளவு பெரிய விஷயத்தில் அவசரம் கூடாது, தரவுகளை முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார் என்று சொல்லி அனுப்பினேன். எந்த வழிகாட்டியும் அதைத்தான் சொல்வார்.

பிப்ரவரி 26, வியாழன்

ஓட்டிப் பார்த்துவிட்டாள். அதே விடை. இன்னொரு செயற்கைக்கோளின் தரவிலும் பார்க்கச் சொன்னேன்.

வீட்டில் எரிவாயு தீர்ந்துவிட்டது. மாற்று உருளையை மாட்டிவிட்டு, இன்னொன்றுக்குப் பதிவு செய்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் மீன் கழுவிய தண்ணீரை வாசலிலேயே ஊற்றுகிறார்கள். சொல்லியும் கேட்பதில்லை.

மார்ச் 1, ஞாயிறு

அம்பலவாணன் சாரின் வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பதை நெருங்குகிறார். முன்னறை முழுக்கப் பொன்னாடைகள், பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல். பாச்சை உருண்டை நெடி தலையைச் சுற்றியது. ஏதோ அறக்கட்டளைக்காரர் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். பேரண்டம் சுருங்கி விரிவதை நம் முன்னோர் என்றைக்கோ பாடி வைத்துவிட்டார்கள், சார் அதைத்தான் கணக்கில் எழுதினார் என்று ஒருவர் சொல்ல, சார் மறுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். நான் மாணவியாக இருந்த காலத்தில் இப்படி யாராவது பேசினால் செருப்பைக் கழற்றாத குறையாக விரட்டுவார். இன்று அவர்கள் கொண்டுவந்த திராட்சையைப் பிய்த்துத் தின்றபடி தலையாட்டினார்.

அவர்கள் போனதும் ருகையாவின் விடையைச் சொன்னேன். சார் அசரவே இல்லை. நம் பால்வீதியின் தூசு மறைக்கும் பகுதியை வானப்படத்திலிருந்து வெட்டிவிட்டுத்தான் அளப்போம். அந்த வெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டுத எடத்தக் கொஞ்சம் மாத்திப் பாரு புஷ்பம். தெக்கத் தூசியையும் சேத்து எடுத்துப் போடு. சாய்வு தெரியும்."

"தெரியுத வரைக்கும் வெட்டணுமா சார்?"

"தெரியாத மாதிரி வெட்டுனா, அது மட்டும் யோக்கியமோ?"

எழுந்து வந்துவிட்டேன். இந்த மனிதரையா இத்தனை காலம் தலையில் வைத்துக்கொண்டு ஆடினேன்.

மார்ச் 3, செவ்வாய்

தெற்குத் தூசுப் பகுதியையும் வெட்டிப் பார்க்கும்படி ருகையாவிடம் சொன்னேன். சார் சொன்னார் என்பதற்காக அல்ல. நாளை தேர்வாளர் யாராவது கேட்டால் பதில் வேண்டுமே.

மார்ச் 6, வெள்ளி

வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். சாய்வு தெரிகிறது. கொஞ்சம்தான், ஆனால் தெரிகிறது.

அவள் இன்னும் நாலு படங்களை எடுத்து வைத்தாள். வடக்கே வெட்டினால் சாய்வு எதிர்ப்பக்கம் போகிறது. கிழக்கே வெட்டினால் இரண்டும் இல்லை.

"வெட்டுனா வருது மேடம். எங்க வெட்டுனாலும் ஏதாவது வரும். அது வானத்துல உள்ளதா, நம்ம கத்தியில உள்ளதான்னு யாராவது கேட்டா என்ன சொல்ல?"

அவள் பேசிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நோன்புக் களைப்பு என்று விட்டுவிட்டேன். அவளுடைய புரோகிராமிலேயே பிழை இருக்கலாம், வரிவரியாகப் பார் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

மார்ச் 7, சனி

நாள் முழுக்க வீட்டில் கணினியோடு உட்கார்ந்திருந்தேன். தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இவர் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வாராவாரம் போல வந்திருந்தார். அயலை வாங்கி வந்தார். குழம்பு வைத்தேன். கொதிக்கும்போதே நாறியது. காலையில்தான் படகிலிருந்து இறக்கினது, செவுள் சிவப்பாக இருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று இவர் சத்தியம் செய்தார். எனக்கு நாறியது. சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன். தயிரை ஊற்றிச் சாப்பிட்டார்.

ருகையா விஷயத்தைச் சொன்னேன். "கையெழுத்துதான? போட்டுட வேண்டியதுதான" என்றார். இவருக்குக் கப்பலில் சரக்கு ஏறும், இறங்கும். நடுவில் யோசிக்க என்ன இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

ருகையா வந்து கதவருகிலேயே நின்றாள். மாதக் கடைசிக்குள் கையெழுத்து ஆகுமா, ஆகாதென்றால் புனேக்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும், அவர்களைக் காக்கவைப்பது நன்றாயிராது என்றாள்.

எனக்கு முழுத் திருப்தி வந்தால்தான் போடமுடியும், அதற்கு நாள் குறிக்க முடியாது என்றேன். இதுதான் நேர்மை. ஓர் இடத்துக்காக அறிவியலை அவசரப்படுத்த முடியாது.

சரி மேடம் என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொஞ்சம் அழுதாலாவது பரவாயில்லை.

மார்ச் 13, வெள்ளி

விழாக் குழுக் கூட்டம். மேடைக்குப் பின்னால் எந்தப் படம் வைப்பது என்பதில் முழு நேரமும் போயிற்று. விருத்தகிரிக்கு நெருப்புப் பிழம்பு வேண்டும். சாரின் ஆட்களுக்குத் தாமரை விரிந்து கூம்புகிற படம் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது என்று முடிவு. நெருப்பில் தாமரை வேகிற மாதிரி இருக்கும். தட்டில் வைத்த போண்டாவின் எண்ணெய் அழைப்பிதழ் மாதிரியில் ஊறி, நான் எழுதியதில் பாதி அழிந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

பெருநாள் முடிந்து ருகையா ஊரிலிருந்து வந்தாள். உம்மா கொடுத்துவிட்டதாக ஒரு டப்பாவில் வட்டலப்பம் கொண்டுவந்தாள். அந்த முட்டை வாடையும் கருப்பட்டி வாடையும் எனக்குப் பிடிக்கும். இன்று ஏனோ ஒரு வாய்கூட வைக்கவில்லை. அவள் போனதும் காவலாளியிடம் கொடுத்துவிட்டேன்.

புரோகிராமை வரிவரியாகப் பார்த்துவிட்டாளாம். பிழை இல்லையாம். அப்படியா என்றேன்.

மார்ச் 25, புதன்

சமர்ப்பிக்கும் முன் துறையில் ஒரு கருத்தரங்க உரை கொடுக்கவேண்டும் என்பது விதி. ருகையா இன்று கொடுத்தாள். நாள் குறித்தது அலுவலகம், நான் அல்ல.

நன்றாகப் பேசினாள். பிசிறில்லை. கடைசிப் படம் திரையில் வந்ததும் விருத்தகிரி இருக்கையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் எண்ணெய் வழிந்தது. உரை முடிந்ததும் என்னிடம் வந்து, ஆழ்ந்த அனுதாபம் மேடம் என்றார். துட்டி வீட்டில் சொல்கிற மாதிரி. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அரை மணி நேரத்தில் யாரோ கடைக்குப் போய் லட்டு வாங்கி வந்துவிட்டார்கள். என் மேசைக்கும் ஒன்று வந்தது, தாளில் நெய் ஊற.

இவர்களுக்கெல்லாம் பேரண்டம் எப்படித் தோன்றினால் என்ன. யார் தோற்றார்கள் என்பது தெரிந்தால் போதும்.

மார்ச் 27, வெள்ளி

விருத்தகிரி ருகையாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். வழிகாட்டியை மாற்றிக்கொள், என் பெயரைப் போடு, ஒரு வாரத்தில் கையெழுத்து என்று. ஒரு நிபந்தனை. கடைசி அதிகாரத்தில் 'இதனால் பெருவீக்கக் கோட்பாடு மெய்ப்பிக்கப்பட்டது' என்று ஒரு வரி சேர்க்கவேண்டும்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளே வந்து என்னிடம் சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"அந்த வரி கணக்குல இல்ல மேடம். சாய்வு இல்லைங்கறதுதான் இருக்கு. பெருவீக்கத்துல எந்த எண்ணு வேணும்னாலும் வரவைக்கலாம். சாய்வு இருந்திருந்தா, அதுக்கும் ஒரு வீக்கம் வச்சிருப்பாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பெண்ணின் பட்டத்தைக் கையில் பிடித்துவைத்துக்கொண்டு, தன் கோட்பாட்டுக்காகப் பேரம் பேசுகிறானே, இவனும் ஒரு பேராசிரியனா. அதை அவளிடமே சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள்.

மார்ச் 31, செவ்வாய்

மாதம் முடிந்தது. சொல்லும்படியாக ஒன்றுமில்லை. எரிவாயு உருளை வந்தது, மூடியில் யாரோ வெற்றிலை எச்சில் துப்பியிருந்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். இருட்டோடு எழுந்து ஆராதனைக்குப் போனோம். குருவானவர் பிரசங்கத்தில் பெருவெடிப்பை இழுத்தார். ஆதியிலே என்று வேதம் சொன்னதை விஞ்ஞானிகள் இப்போதுதான் ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம். ஆராதனை முடிந்து கைகொடுக்கும்போது, உங்க பல்கலைக்கழகத்து விவாதத்தில் நீங்கள் எதிர்க்கட்சியாமே அம்மா, விசுவாசக் குடும்பத்தில் இருந்துகொண்டு என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கே, சாரின் வீட்டில், தொடக்கம் இல்லை என்றால் முன்னோர் பாடிய பாட்டில் இருக்கிறது என்கிறார்கள். இங்கே தொடக்கம் உண்டு என்றால் வேதத்தில் இருக்கிறது என்கிறார்கள். சாமி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆள் தயாராக நிற்கிறான். குருவானவரிடம், ஐயரே, நான் கணக்கு வாத்திச்சி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இவர் காரில் ஏறியதும், அவரிடம் அப்படி வெடுக்கென்று பேசியிருக்கவேண்டாம் என்றார்.

ஏப்ரல் 8, புதன்

சார் தொலைபேசியில் கூப்பிட்டார். மேடையில் நீ ஒன்றும் பேசவேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று கேட்கவில்லை.

விவாதத்துக்குக் கட்ட ஒரு சேலையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளை வண்டி வைத்து ஏற்றிக்கொண்டுவந்திருந்தார்கள். மேடையில் நெருப்பும் தாமரையும். மாலைகள், பொன்னாடைகள், சம்பங்கி வாடை. ருகையா ஓரத்து வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

விருத்தகிரி முதலில் பேசினார். நன்றாகத்தான் பேசினார், அதை மறுக்கமாட்டேன். தொல்லொளியைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார், அணைத்த அடுப்பின் சூடு என்று. பிறகு திரையில் ருகையாவின் படத்தைப் போட்டார். மேலே தடித்த எழுத்தில் 'பெருவீக்கம் வென்றது'. கீழே இருந்த அவள் பெயரை வெட்டி எடுத்திருந்தார்கள். நாங்கள் வானத்தை வெட்டிப் பார்த்தோம், இவர்கள் அவளையே வெட்டிவிட்டார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

சார் எழுந்தார்.

"இந்தப் படத்தப் போட்டது ஒரு ஆராய்ச்சி மாணவி. ஆய்வேடு எழுதி முடிச்சு மாசக்கணக்காச்சு. இன்னும் வழிகாட்டி கையெழுத்துப் போடல. ஏன் போடலன்னு நீங்களே யோசிச்சுக்கிடுங்க. கணக்குல தப்பு இருக்கப் போய்த்தான் போடல. தப்புக் கணக்கத் திரையில போட்டுட்டு வென்றோம்ங்கது வெக்கக்கேடு."

இதற்கும் கைதட்டினார்கள். அதே பிள்ளைகள், அதே கைகள்.

என் கையெழுத்தை, போடாத என் கையெழுத்தை, எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார் மனிதர். ருகையா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மாணவி இவள்தான் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

துணைவேந்தர் என் பக்கம் திரும்பினார். அவருக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"நீங்கதான மேடம் வழிகாட்டி? கணக்கு தப்பா?"

ஒலிவாங்கியை என் முன்னால் நகர்த்தினார்கள். சாரின் கை என் கைமேல் இருந்தது. என்னைப் பார்க்கக்கூட இல்லை அவர், அவ்வளவு நிச்சயம்.

"தப்பு இல்ல. கணக்கு சரி" என்றேன்.

சார் கையை எடுத்துக்கொண்டார். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஒலிவாங்கி எடுத்துச் சொல்லிவிட்டது.

"நானே தனியாப் போட்டுப் பாத்தேன் சார். அவ புரோகிராமத் தொடாம, புதுசா எழுதி. அதே விடைதான் வந்துது. மார்ச்சுலயே பாத்துட்டேன்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என்ன என்று என் காதில் விழுந்தது. நிறுத்தாமல் மிச்சத்தையும் சொன்னேன். இதனால் பெருவீக்கம் வென்றதாக ஆகாது. தோற்றது சாரும் நானும் போட்ட கோட்பாடு, அந்தச் சாய்வுக் கணக்கு என்னுடையது. பேரண்டம் எப்படித் தொடங்கியது என்று இந்த மேடையில் யாருக்கும் தெரியாது. அந்தப் படம் ருகையாவுடையது, அவள் பெயரைத் திரும்பப் போடுங்கள்.

கைதட்டினார்கள். நேர்மைக்காம். விருத்தகிரியும் தட்டினார். இந்த இரண்டு மாதத்தில் நான் பார்த்ததிலேயே அருவருப்பானது அந்தக் கைதட்டல்தான்.

ஓரத்து வரிசையைப் பார்த்தேன். இருக்கை காலியாக இருந்தது.

மாலையில் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மார்ச்சுல என்னைக்கு மேடம்?"

"ஏழாந் தேதி."

விரலை மடக்கி நாட்களை எண்ணினாள்.

"ஒம்பதாந் தேதி உங்ககிட்ட வந்து கேட்டேன். பத்தாந் தேதிதான் அவுங்களுக்கு வரமுடியலன்னு எழுதுனேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். ஏட்டை எடுத்துக் கையெழுத்துப் போடப் போனேன். வேண்டாம் மேடம், முன்பக்கத்தில் கொஞ்சம் மாற்றவேண்டியிருக்கிறது, மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 13, திங்கள்

புனே ஆய்வு நிலையத்துக்கு எழுதினேன். தாமதம் முழுக்க என்னால் நேர்ந்தது, மாணவியின் பிழை எதுவும் இல்லை என்று. உடனே பதில் வந்துவிட்டது. மிகவும் மரியாதையான பதில். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அடுத்த ஆண்டு விண்ணப்பித்தால் மகிழ்ச்சியோடு பரிசீலிப்பார்களாம்.

ருகையாவிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் போடுறேன் மேடம்" என்றாள்.

இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 18, சனி

சாரைப் பார்க்கப் போனேன். மருமகள் வாசலுக்கு வந்து, மாமா தூங்குகிறார்கள் என்றாள். உள்ளே அவர் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அவளுக்கும் கேட்டது. கொஞ்ச நேரம் இருவரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

கோட்பாட்டில் புதிதாக ஓர் எண்ணைச் சேர்த்திருக்கிறார். அந்த எண்ணைச் சேர்த்தால் சாய்வு அழிந்துவிடும். இனிமேல் சாய்வு இல்லாததுதான் பேரண்டம் சுருங்கி விரிந்ததற்குச் சான்று. அறக்கட்டளைக்காரரிடம் அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். கணக்கை நடந்தபடியே மனதில் போட்டுப் பார்த்தேன். தப்பில்லை. அந்த எண் அங்கே ஏன் வந்தது என்பதற்குத்தான் காரணம் ஒன்றுமில்லை, அவருக்கு அது வேண்டும் என்பதைத் தவிர.

பாதி வழியில் எனக்கே இன்னொரு எண் தோன்றியது. அவருடையதைவிட அழகானது. அதைச் சேர்த்தால் என் பழைய கணக்கும் பிழைக்கும், ருகையாவின் படமும் பொய்யாகாது. பேருந்து நிறுத்தத்தில் நின்று அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருந்துகள் போய்விட்டன. பிறகு சாக்கடை ஓரம் போய் வாந்தி எடுத்தேன். பூக்காரம்மா தண்ணீர் கொடுத்தாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

ருகையா ஏட்டைக் கொண்டுவந்தாள். கையெழுத்துக்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

கணக்கில் மாற்றம் எதுவும் இல்லை. முடிவுரையிலும் இல்லை. மாறியிருந்தது நன்றிப் பக்கம். முந்திய ஏட்டில் என்னைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருந்தது. தாய்போல என்று ஒரு சொல்கூட இருந்தது, எல்லா மாணவர்களும் எழுதுவது. அது போயிருந்தது. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் விடுதித் தோழிகளுக்கும் சொன்ன நன்றிக்குக் கீழே, கடைசியில் ஒரு வரி:

'என் கணக்கு சரியென்று பொதுமேடையில் சொன்னதற்காக, வழிகாட்டி முனைவர் தங்கபுஷ்பம் அவர்களுக்கு.'

இரண்டாம் தடவை படித்தேன். எந்தப் பக்கமும் சாய்வில்லை. நான் செய்தது அவ்வளவுதான், அவள் எழுதியதும் அவ்வளவுதான்.

ஏதாவது திருத்தம் உண்டா மேடம் என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.